சோறு போடாத அமைப்புக்கு எதற்குப் பணம்?

கேள்வி இது: "எங்கள் ஊர்ப் பக்கத்தில் உள்ள மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் இல்லத்துக்கு ஏழெட்டு வருடமாக மாதா மாதம் பணம் கொடுத்து வருகிறேன். மகள் பிறந்தநாளுக்கு அங்கேதான் சாப்பாடு. இப்போது நண்பர் ஒருவர், 'அதை நிறுத்திவிட்டு உரிமைக்காகப் போராடுகிற அமைப்புக்குக் கொடு' என்கிறார். நான் பார்த்தவரை அவர்கள் கோர்ட்டுக்குப் போகிறார்கள், கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்காருகிறார்கள், கூட்டம் போடுகிறார்கள். யாருக்கும் ஒரு வேளைச் சோறு போட்டதாகத் தெரியவில்லை. இவர்களால் என்னதான் நடந்திருக்கிறது? கொடுப்பதென்றால் யாரை நம்பிக் கொடுப்பது?"

நியாயமான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நான் இரண்டு பக்கமும் இருந்தவன்.

மூன்று வயதில் எனக்குப் போலியோ வந்தது. எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு விடுதியில் வளர்ந்தேன். அநேகமாக எல்லா ஞாயிற்றுக்கிழமையும் யாருக்காவது பிறந்தநாள் இருக்கும். வேன் வந்து நிற்கும், அண்டா இறங்கும், கேசரி வாசனை வாசல்வரை வரும். எங்களை வரிசையாக உட்கார வைப்பார்கள். காலைத் தாங்கும் இரும்புக் காலிபர் மாட்டிய காலோடு சம்மணம் போட முடியாது. காலை நீட்டிக்கொண்டு இலையைப் பக்கவாட்டில் இழுத்து வைத்துக்கொள்வோம். பரிமாறிவிடுவார்கள், ஆனால் கை வைக்கக்கூடாது. பிறந்தநாள்காரர் வர வேண்டும், கேக் வெட்ட வேண்டும், நாங்கள் பாட வேண்டும், அவர் நீடூழி வாழப் பிரார்த்திக்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். அப்புறம்தான் சாப்பாடு. அதற்குள் ஆறிப் போயிருக்கும்.

கொடுத்தவர்கள் நல்லவர்கள், அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அந்தச் சோறு இல்லையென்றால் நானும் இல்லை. ஆனால் நான் விடுதிக்குப் போன காரணத்தைக் கேளுங்கள். சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில், "மூன்றாம் வகுப்பு மாடியில் இருக்கிறது, பையனைத் தூக்கிப் போக ஆள் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். வகுப்பைக் கீழே மாற்றினால் தீர்ந்திருக்கும். அந்த நான்கு வருடத்தில் எங்களுக்குச் சோறு போட்டவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். ஒருவர்கூட அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய், "ஏன் சார் இவனைச் சேர்க்கவில்லை?" என்று கேட்டதில்லை. அப்படிப் போய்க் கேட்பதைத்தான் உரிமை அமைப்புகள் வேலையாகச் செய்கின்றன. பார்க்க அழகான வேலை இல்லை. எப்படி நடக்கிறது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன்.

என் பையில் எப்போதும் ஒரு இஞ்ச் டேப் இருக்கும். சில வருடங்களுக்கு முன் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன், எந்த ஊர் என்பது வேண்டாம். வாசலில் மூன்று படி. பக்கத்தில் புதிதாகச் சாய்தளம், அதன் தலைமாட்டில் நீல நிறத்தில் சக்கர நாற்காலிப் படம். படி ஒவ்வொன்றும் ஏழு அங்குலம், ஆக உயரம் இருபத்தோரு அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது கணக்கு. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்று இன்ஜினீயர்கள் சொல்வார்கள். அப்படியானால் இருபத்தோரு அடி நீளம் வேண்டும். டேப்பை வைத்தேன், ஆறடி. அதில் சக்கர நாற்காலியை ஏற்றினால் பின்னால் கவிழும், இறக்கினால் நேரே ரோட்டில் போய் விழும். பார்க் சறுக்குமரம்கூட அதைவிடச் சாதுவாக இருக்கும். உள்ளே போனால் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை என்று பலகை, கதவில் பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பினாயில் கேன், துடைப்பம், உடைந்த நாற்காலி.

போட்டோ எடுத்து, அளவு எழுதி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தோம். "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தால் அதே ஆறடி, புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டோம்: இந்தச் சாய்தளத்துக்கு மதிப்பீடு போட்டது யார், பணி முடிந்ததாகச் சான்று கொடுத்தது யார், எந்த விதியின்படி? பதில் இல்லை. மேல்முறையீடு. அப்புறம் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார். மொத்தம் பதினோரு மாதம். கடைசியில் இடித்துவிட்டு, இடையில் ஒரு சமதளம் விட்டு, இரு பக்கமும் கைப்பிடி வைத்து, முறையாகக் கட்டினார்கள். கழிப்பறைச் சாவி மட்டும் இன்னும் வாட்ச்மேனிடம்தான் இருக்கிறது.

இப்போது அதில் அதிகம் ஏறுகிறவர்கள் பென்ஷன் விஷயமாக வரும் பெரியவர்களும் தண்ணீர் கேன் தள்ளுவண்டிக்காரரும்தான். அதைக் கட்ட வைத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. எங்கள் கணக்கில் அதற்கான செலவு ஆர்டிஐக்குப் பத்து ரூபாய் ஸ்டாம்ப், ஜெராக்ஸ், தபால், ஆட்டோ வாடகை. இதில் ஆட்டோ வாடகைதான் பெரிய தொகை. பஸ்ஸில் ஏற முடியாதே! அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அந்த மனுவில் நாங்கள் "கருணை கூர்ந்து" என்று எழுதவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 45ஆவது பிரிவு, பொதுக் கட்டடங்களை ஐந்து வருடத்துக்குள் எல்லோரும் போய்வரத் தக்கதாக மாற்ற வேண்டும் என்கிறது, அந்தக் கெடுவைச் சுட்டி எழுதினோம். என் அப்பா பள்ளிக்கூட வாசலில் நின்ற காலத்தில் சுட்டிக் காட்ட ஒரு பிரிவும் கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு நின்றார், திரும்பினார். நடுவில் நடந்தது என்ன என்பதுதான் உங்கள் கேள்விக்கான பதில்.

1995 வரை இந்த நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று முழுமையான உரிமைச் சட்டம் எதுவும் இல்லை. சலுகைகள் இருந்தன: பஸ் பாஸ், மூன்று சக்கர சைக்கிள், தையல் மிஷின். ஜாவேத் அபிதி என்பவர் அலிகாரில் பிறந்தவர். பிறவியிலேயே தண்டுவடப் பாதிப்பு, சக்கர நாற்காலி. அமெரிக்காவில் இதழியல் படித்துவிட்டு டெல்லிக்கு வந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஓர் உரிமைக் குழுவைத் தொடங்கினார். 1995 டிசம்பர் 19 அன்று மாற்றுத்திறனாளிகளைத் திரட்டி நாடாளுமன்றத்தை நோக்கிப் போனார்கள். மூன்றே நாளில், டிசம்பர் 22, சட்டம் நிறைவேறியது. அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு சட்டமானது அதில்தான்.

அபிதி அதோடு நிற்கவில்லை. விமானத்தில் ஏற அவரை ஆட்கள் மூட்டை மாதிரி படிக்கட்டில் தூக்கிப் போக வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பெரிய விமான நிலையங்களில் சக்கர நாற்காலியோடு ஏற்றும் தூக்கி வசதி வர 1998இல் வந்த அந்தத் தீர்ப்பு ஒரு காரணம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊனம் பற்றிய கேள்வியே வைப்பதாக இல்லை. சண்டை போட்டுத்தான் சேர்க்க வைத்தார்கள். கணக்கெடுத்தால் 2 கோடியே 19 லட்சம் பேர்! அதுவரை அரசின் கணக்கில் சரியாக வராத கூட்டம். நிதி ஒதுக்கச் சொன்னால் "எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள், தெரியாது என்றால் ஃபைலை மூடிவிடுவார்கள். அந்த ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்த்ததால் விளைந்த பலனைச் சோற்றுக் கணக்கில் எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான். 2016 டிசம்பரில் வந்த புதிய சட்டத்தில் 21. ஆட்டிசம், தசைச்சிதைவு, ஹீமோபீலியா, பார்கின்சன், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் என்று பட்டியல் நீண்டது. ஒதுக்கீடு 4 சதவீதம் ஆனது. பணமதிப்பு நீக்க அமளியில் நாடாளுமன்றமே நடக்காத கூட்டத்தொடர் அது. அந்த இரைச்சலுக்கு நடுவே இரு அவைகளும் இரண்டு நாள் இடைவெளியில் இந்த மசோதாவை மட்டும் நிறைவேற்றின. தானாக நடந்ததென்று நினைக்காதீர்கள். உரிமை அமைப்புக்காரர்கள் கட்சி கட்சியாகப் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சட்டம் வந்தாயிற்று, இனி என்ன என்று கேட்பீர்கள். இந்த வேலையில் இருபது வருடம் கழிந்த பிறகு எனக்குத் தெரிந்தது, சட்டம் வருவது கல்யாணப் பத்திரிகை அடிப்பது மாதிரிதான். சட்டத்துக்கு விதி வேண்டும், விதிக்கு அரசாணை வேண்டும், அரசாணைக்கு நிதி, நிதிக்கு டெண்டர், டெண்டருக்குப் பிறகு சிமெண்ட். ஒவ்வோர் இடத்திலும் ஃபைல் தூங்கும், எழுப்ப ஆள் வேண்டும். உலகம் முழுக்க இப்படித்தான். அமெரிக்காவில் 1973இல், அரசுப் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒதுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. அதற்கான விதிகளில் நாலு வருடம் யாரும் கையெழுத்துப் போடவில்லை. 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் மத்திய அரசுக் கட்டடம் ஒன்றின் நான்காவது மாடிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு மேல். டெலிபோனைத் துண்டித்தார்கள். காது கேளாதவர்கள் ஜன்னலில் நின்று சைகை மொழியில் வெளியே நின்றவர்களுக்குச் செய்தி சொன்னார்கள். கறுப்பினத்தவரின் பிளாக் பாந்தர் கட்சிக்காரர்கள் தினமும் சூடாகச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு யாரும் பாடவில்லை. ஏப்ரல் 28ஆம் தேதி அமைச்சர் கையெழுத்துப் போட்டார்.

முன்னின்றவர்களில் ஒருவர் ஜூடித் ஹியூமன், என்னைப்போலப் போலியோ. அவர் இறந்தது 2023 மார்ச் 4. அபிதி இறந்தது 2018 மார்ச் 4. இதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, ஆனால் அந்தத் தேதி வந்தால் எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேரையும் நினைத்துக்கொள்வோம்.

இங்கே அதே கதை வேறு உருவில். பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி, சாலை, ரயில், கட்டடம் எல்லாம் எங்களுக்கும் பயன்பட வேண்டும் என்று 2005இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2017 டிசம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்து, எதை எதற்குள் முடிக்க வேண்டும் என்று கெடு விதித்தார்கள். கெடு போய்க்கொண்டே இருந்தது. 2024 நவம்பர் 8 அன்று நீதிமன்றம் இன்னொன்றைக் கண்டுபிடித்தது: சட்டம் "கட்டாயம்" என்கிறது, அதன் கீழ் அரசு எழுதிய 15ஆவது விதியோ வெறும் வழிகாட்டுதல்களை அடுக்கிவைத்திருக்கிறது. கட்டினால் கட்டலாம், கட்டாவிட்டால் கேட்பாரில்லை. அந்த விதி சட்டத்துக்குப் புறம்பானது, மூன்று மாதத்தில் கட்டாய விதி எழுதுங்கள் என்றார்கள். 2005 முதல் 2024 வரை பத்தொன்பது வருடம். ஒரு தனிமனிதரால் இவ்வளவு காலம் வாய்தாவுக்கு நடக்க முடியாது. வக்கீல்களும் அமைப்புகளும் பின்னால் இருந்ததால்தான் அந்த வழக்கு உயிரோடு இருந்தது.

பஸ் கதையும் 2005இல்தான் தொடங்குகிறது. மூளை முடக்குவாதம் உள்ள ராஜீவ் ராஜன், சென்னைக் கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர் அமைப்பில் இருந்தவர். மாநகரப் பேருந்தில் எங்களால் ஏற முடியவில்லை என்று உயர் நீதிமன்றம் போனார். சாதாரண பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட மூன்றடி. தாழ்தளப் பேருந்தில் 400. கதவுப் பக்கம் ஒரு பலகையை மடக்கி இறக்கினால் சக்கர நாற்காலி தானாக உள்ளே போகும். சக்கர நாற்காலிக்கு மட்டுமில்லை, முழங்கால் வலிக்காரருக்கும், இடுப்பில் பிள்ளையோடு ஏறுகிறவருக்கும், சேலையைப் பிடித்துக்கொண்டு அந்த முதல் படியில் தடுமாறும் பாட்டிக்கும் அதுதான் வேண்டும். அரசுத் தரப்பு சொன்ன காரணங்கள்: மழைத் தண்ணீர் நிற்கும், வேகத்தடை இடிக்கும், விலை அதிகம். ரோடு சரியில்லை என்பதற்குப் பஸ்ஸைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயமோ!

வழக்கு இழுத்தது. பின்னாளில் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் கூட்டணியைச் சேர்ந்த வைஷ்ணவி ஜெயக்குமாரும் நீதிமன்றம் போனார். ஜெர்மன் வளர்ச்சி வங்கிக் கடனில் வாங்கும் புதிய பஸ்களில் எத்தனை தாழ்தளம் என்று எண்ணி எண்ணிச் சண்டை. 2024 ஆகஸ்டில் 58 தாழ்தளப் பேருந்துகள் சென்னைச் சாலைக்கு வந்தன. அன்று நான் ஒரு தடவை வெறுமனே ஏறி இறங்கினேன். டிரைவர் பலகையை இறக்கப் பழகியிருக்கவில்லை. கண்டக்டர் வந்து, ஒரு பயணி வந்து, மூன்று பேராகக் கண்டுபிடித்தார்கள். அதுவரை பஸ் நின்றது. ஒருவரும் முனகவில்லை. எனக்குத்தான் அவசரமாக இருந்தது, பழக்கதோஷம்.

மெரினாவில் கடல்வரை மரப்பாதை போட்டார்களே, அதற்கும் இப்படி ஒரு முன்கதை உண்டு. வருடத்தில் சில நாட்கள் மட்டும் தற்காலிகமாகப் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். மற்ற நாளெல்லாம் கடல் எங்களுக்கு மூடியிருந்தது. நிரந்தரமாக வேண்டும் என்று பல வருடம் கேட்டு, 2022 நவம்பர் 27இல் 263 மீட்டருக்கு ஒரு கோடிக்கு மேல் செலவில் வந்தது. பன்னிரண்டே நாளில் மாண்டஸ் புயல் வந்து கடைசிப் பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போனது. ஊரே கேலி செய்தது, மீம்ஸ் பறந்தது. உரிமை அமைப்புக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மறுநாளே சரிசெய்யச் சொல்லி அடுத்த மனு எழுதத் தொடங்கினார்கள். சரிசெய்யவும் பட்டது.

தடுத்து நிறுத்தியதையும் ஒரு வரவாக எழுத வேண்டும். 2020 ஜூலை, கொரோனா காலம். உரிமைச் சட்டத்தை மீறுவோருக்கான தண்டனைப் பிரிவுகளைத் தளர்த்த மத்திய அரசு ஒரு யோசனையை வெளியிட்டு, பத்து நாளில் கருத்துச் சொல்லுங்கள் என்றது. அதில் 92ஆவது பிரிவின் ஒரு பகுதியும் இருந்தது. மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை என்பது அதில்தான் வருகிறது. ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள். ஃபோனிலும் மெயிலிலுமாக நாடு முழுக்க அமைப்புகள் எதிர்ப்பைத் திரட்டின, யோசனை கைவிடப்பட்டது. அந்தப் பத்து நாள் வேலைக்கு ஒரு போட்டோகூட இல்லை.

அந்தப் போட்டோ விஷயத்தில்தான் பணச் சிக்கலே இருக்கிறது. லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று பெரிய நிறுவனங்களுக்குச் சட்டம் உண்டு. அவர்களுக்கு நூறு சக்கர நாற்காலி கொடுப்பது சுலபம்: மேடை, பேனர், வரிசை, படம். எல்லாம் ஒரே அளவு ஆஸ்பத்திரி நாற்காலி, ஆறடி ஆளுக்கும் பத்து வயதுக் குழந்தைக்கும் அதே. பல வீட்டில் அது துணி காயப்போடப் பயன்படுவதைப் பார்த்திருக்கிறேன். "அந்த நாற்காலி போக ரோடு வேண்டும், வழக்குக்குப் பணம் கொடுங்கள்" என்றால் அரசோடு மோதும் வேலைக்கு நாங்கள் வரமாட்டோம் என்பார்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020இல் இறுக்கினார்கள். நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த அனுமதி 20 ஆனது, வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்குப் பகிரவும் கூடாது. உரிமை வேலையில் செலவு முழுக்க ஆள் சம்பளமும் பயணமும்தான். அதில் பெரும்பகுதி நிர்வாகச் செலவு என்ற தலைப்பில் போய் விழுகிறது. பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன ஊர்ச் சங்கத்துக்குக் கொடுத்துவந்ததும் நின்றது. அரசு மானியத்தில் சிறப்புப் பள்ளி நடத்துகிறவர்களோ, அந்த அரசுக்கு எதிராகவே தர்ணாவில் உட்கார முடியாது. குற்றம் சொல்லவில்லை, அவர்கள் நிலைமை அப்படி. உங்களைப் போல மாதம் ஐந்நூறு ஆயிரம் கொடுக்கும் மனிதர்களின் பணம்தான் யாருக்கும் பயப்படாத பணம்.

சரி, உரிமை அமைப்பென்றால் எல்லாமே உத்தமம் என்று சொல்ல வரவில்லை. சிலவற்றின் மேல் எனக்கே வருத்தம் உண்டு. நகரத்தில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் மட்டும் அறிக்கை எழுதுவார்கள். சாய்தளம் பற்றி நாள் முழுக்கப் பேசுவார்கள், கூட்டத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் இருக்கமாட்டார். ஆண்களே பேசுவார்கள். சக்கர நாற்காலி, பார்வை, செவித்திறன் இவற்றோடு முடிந்துவிடும், அறிவுசார் குறைபாடும் மனநோயும் கடைசி வரியில் வரும். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். அதற்கு முன்பு அந்தச் சங்கிலிகளைப் பற்றி எங்களில் எத்தனை பேர் பேசினோம்? சங்கிலியில் கட்டக்கூடாது என்று சட்டத்தில் வெளிப்படையாக எழுத 2017 ஆயிற்று.

வீதிக்கு வருகிறவர்களையும் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள். தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் என்று ஒன்று உண்டு. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் போலீஸ் வேனில் ஏற்றிவிடுவார்கள் என்று நாங்களே கிண்டல் செய்வோம். மறியல்தான் அவர்கள் வழி. ஆந்திராவில் 2024இல் மாத உதவித்தொகையை 3,000இலிருந்து 6,000 ஆக்கினார்கள். அப்போது இங்கே 1,500, கடுமையான பாதிப்பென்றால் 2,000. அதே தொகை இங்கும் வேண்டும் என்று ரோட்டில் உட்காருகிறவர்கள் அவர்கள். நீங்கள் பார்த்த தர்ணா இதுவாகத்தான் இருக்கும். சோற்றைப் பற்றித்தான் அவர்களும் பேசுகிறார்கள். டிசம்பர் 3 இயக்கம் போன்றவை அரசியல் பிரதிநிதித்துவம் கேட்டன. 2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. ஊராட்சி மன்றக் கட்டடத்தில் எத்தனை படி என்பதை இனி உள்ளே உட்கார்ந்திருப்பவரே எண்ணுவார்.

சேவையும் உரிமையும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது என்றும் இல்லை. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். 1975இல் கடற்படைத் தேர்வு ஒன்றில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் ஐந்தே குழந்தைகளோடு தொடங்கியது. பின்னர் சேர்ந்த சங்கரராமன் தசைச்சிதைவு உள்ள ஆடிட்டர். பாதிக்கப்பட்டவர்களே தலைமையில் இருப்பதால் அங்கே கொடுக்கிறவர் யார், வாங்குகிறவர் யார் என்ற கோடு அவ்வளவு தடிப்பாக இருக்காது.

யாரை நம்பிக் கொடுப்பது என்று கேட்டீர்கள். வருமான வரிச் சான்றும் தணிக்கை அறிக்கையும் எல்லோரும் கேட்கச் சொல்வார்கள், கேளுங்கள், தராதவர்களுக்குக் கொடுக்காதீர்கள். என் சோதனை வேறு. நேரில் போங்கள். நிர்வாகக் குழுவில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவர்களில் யாருக்காவது இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகக் கழிப்பறைக்கு ஒரு தடவை போய் வாருங்கள். உரிமை அமைப்பின் கழிப்பறைக்குள்ளேயே சக்கர நாற்காலி திரும்ப இடமில்லாததை நான் பார்த்திருக்கிறேன். கடைசியாக எதில் தோற்றீர்கள் என்று கேளுங்கள். உண்மையாக வேலை செய்கிறவர்களிடம் தோல்விப் பட்டியல் தேதியோடு இருக்கும், எந்த மனு எந்த மேஜையில் நிற்கிறது என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். வெற்றி மட்டும் அச்சடித்த புத்தகத்தை நீட்டினால் காபி குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

அதற்காக இல்லத்துக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு நாளைக்கும் பசிக்கும். முடிந்தால் அதில் ஒரு பங்கைப் பிரித்து இந்தப் பக்கம் அனுப்புங்கள். அப்புறம் அந்த இல்லத்தில் ஒன்று கேளுங்கள்: இந்தப் பிள்ளைகளில் யார் யாருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் மறுத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள்? எழுதி வாங்கிக்கொண்டு அந்தத் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். நீங்கள் சங்கத்துக்காரர் இல்லை, பணம் கட்டுகிற ஊர்க்காரர். உங்களுக்கு நாற்காலி போட்டுப் பேசுவார்.

மகள் பிறந்தநாளுக்கும் போங்கள், தாராளமாக. பிள்ளைகளைப் பாடச் சொல்லி மட்டும் உட்கார வைக்காதீர்கள். சாம்பார் ஆறிவிடும்.